சறுக்கல் இறக்கத்தில் முன் பிரேக்கைத் தொடலாமா?

அக்டோபர் 12, இரவு — பள்ளத்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டது

"அண்ணே, எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக் வச்சிருக்கேன். அடுத்த மாசம் தாண்டிக்குடி பக்கம் நண்பனோட காப்பித் தோட்டத்துக்குப் போறோம். தார் ரோட்டிலிருந்து தோட்டத்து வீடு வரைக்கும் மண் பாதை, நல்ல இறக்கம், மழைக்காலம் வேற. இங்கே யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: இறக்கத்தில் முன் பிரேக்கைத் தொட்டா கவுந்துடும், பின் பிரேக்கை மட்டும் மிதி. இது சரியா? நம்ம ஊரு சமதரை. பழகிப் பார்க்கணும்னா எங்கே போறது?"

அக்டோபர் 12, இரவு 10:40

சரியில்லை தம்பி. செங்குத்தான இறக்கத்தில் முன் பிரேக்கை விட்டுவிட்டால் உங்களிடம் பிரேக்கே இல்லை என்றுதான் அர்த்தம். நாளை விரிவாக எழுதுகிறேன். அதுவரை அந்த அறிவுரையை நம்பி எங்கும் இறங்க வேண்டாம்.

அக்டோபர் 13, காலை

அந்த அறிவுரை எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. நம் பக்கத்துச் சாலையோரம் முழுக்கச் செம்புறாங்கல் சரளை. வெயில் காலத்தில் இறுகிய தரைமேல் உருண்டைக் கற்கள் கேழ்வரகைக் கொட்டியது போலக் கிடக்கும். கானாடுகாத்தான் பக்கம் தைலமரக் காட்டுப் பாதைகளில் வண்டியைத் திருப்பும்போது முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்து விழாதவர்கள் குறைவு. விழுந்தவர் அடுத்தவருக்குச் சொல்வது, "முன் பிரேக்கைத் தொடாதே." அவர் விழுந்த காரணம் வேறு. வண்டி திரும்பிக்கொண்டிருக்கும்போது பிடித்தார், வெடுக்கென்று பிடித்தார்.

இறக்கத்தில் பின்பற்ற வேண்டிய முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இறங்கத் தொடங்கும் முன்பே நடை வேகத்துக்கு வந்துவிடுங்கள். முதல் கியர். கிளட்சை முழுதாக விட்டுவிடுங்கள், பயத்தில் பிடிக்கவே கூடாது. கிளட்சைப் பிடித்த நொடியில் எஞ்சின் வண்டியைத் தடுப்பது நின்றுவிடும், வண்டி பாயும். முன் பிரேக்கில் ஒரு விரல், அதிகம் போனால் இரண்டு. மெல்ல மெல்ல அழுத்தம் கூட்ட வேண்டும். பின் பிரேக்கும் லேசாக. முழங்கால்கள் டேங்க்கை இறுக்கிக்கொள்ளட்டும். கைகள் மடங்கித் தளர்ந்திருக்கட்டும். பார்வை முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது, பாதை முடிகிற இடத்தில் இருக்க வேண்டும்.

முன் சக்கரம் பூட்டிக்கொண்டு (சுழலாமல் நின்று) சறுக்குவது தெரிந்தால் உடனே விரலைத் தளர்த்துங்கள். சக்கரம் மறுபடி உருளத் தொடங்கினால்தான் ஹேண்டில் பேச்சுக் கேட்கும். பின் சக்கரம் சறுக்கினால் அவ்வளவு பதற வேண்டாம், பின்பக்கம் கொஞ்சம் ஆடினாலும் வண்டி நேராகப் போகும்.

அக்டோபர் 13, இரவு

காரைக்குடியிலிருந்து ஒரு மெக்கானிக் அண்ணன் மறுத்து எழுதியிருக்கிறார். முதல் கியரில் எஞ்சின் பிரேக்கிங் மட்டுமே போதும், முன் பிரேக் ஆபத்து என்பது அவர் வாதம். அவர் புல்லட்டில் வளர்ந்தவர். புல்லட்டை முதல் கியரில் விட்டால் இறக்கத்தில் சொன்னபடி கேட்டு இறங்கும் என்கிறார். அதில் உண்மை இருக்கிறது, அதற்காகவே கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

எக்ஸ்பல்ஸின் வீல்பேஸ் (இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையிலான தூரம்) 1410 மி.மீ. வண்டியும் ஆளும் சேர்ந்த எடைமையம் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருப்பதாகவும், சமதரையில் எடை இரண்டு சக்கரங்களிலும் பாதிப் பாதி இறங்குவதாகவும் வைத்துக்கொள்வோம். 10 பாகைச் சரிவில் முன்னுக்கு 59 சதவீதம், பின்னுக்கு 41. 20 பாகையில் 68–32. 30 பாகையில் 79–21. இறக்கம் கூடக் கூட எடை முன்னால் போய்ச் சேர்கிறது. எடை இல்லாத சக்கரத்துக்குப் பிடிமானமும் இல்லை.

அப்புறம் இதைப் பாருங்கள். 20 பாகைச் சரிவில் வேகம் கூடாமல் இறங்குவதற்கு மட்டும், பின் சக்கரத்தை மட்டுமே நம்பினால், டயருக்கும் தரைக்கும் இடையில் 1.1-க்கும் மேலான உராய்வு எண் (பிடிமானத்தைச் சக்கரத்தின் மேலுள்ள எடையால் வகுத்தது) வேண்டும். நல்ல காய்ந்த தார்ச்சாலையில்கூட அது கிடைப்பது கஷ்டம், மண்ணில் பேச்சே இல்லை. முன் சக்கரம் மட்டும் என்றால் 0.53 போதும். இரண்டும் சரியாகப் பகிர்ந்துகொண்டால் 0.36.

எஞ்சின் பிரேக்கிங் எந்தச் சக்கரம் வழியாக வருகிறது? செயின் பின் சக்கரத்தில்தானே இருக்கிறது. எஞ்சின் பிடிப்பதும் பின் பிரேக் பிடிப்பதும் டயருக்கு ஒன்றுதான். பிடிமானம் இல்லாத பின் டயரை எஞ்சின் எவ்வளவு தடுத்தாலும் டயர் சறுக்கும், வண்டி இறங்கிக்கொண்டே இருக்கும். 10 பாகையில் பின் சக்கரம் மட்டும் என்றாலும் 0.43 போதும். அதனால்தான் சின்னச் சரிவுகளில் அண்ணனின் முறை வேலை செய்கிறது. அதற்கு மேல் போனால் முன் பிரேக் இல்லாமல் முடியாது.

அக்டோபர் 14

கொட்டை டயர் (கட்டி கட்டியாகப் புடைத்த மண்பாதை டயர்) மண்ணைக் கடித்துக்கொண்டு இறங்குமே, வெறும் உராய்வுக் கணக்கு அதற்குப் பொருந்துமா என்று புதுவயல் அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இளகிய மண்ணில் கொட்டைகள் பதிந்து தள்ளும், அதனால் கணக்கைவிடக் கூடுதலாகவே பிடிக்கும். ஈரக் களிமண்ணில் கொட்டைகளுக்கு நடுவே சேறு அடைத்துக்கொண்டால் அந்த நன்மை போய்விடும். எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தச் சக்கரம் எவ்வளவு வேலை செய்யும் என்ற விகிதத்தை எடுத்துக்கொண்டால் போதும்.

அக்டோபர் 14, மாலை

உடம்பைப் பின்னால் தள்ளி உட்காருவது பற்றி. எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன். எவ்வளவு பயன் என்று இதையும் கணக்கிட்டேன். வண்டி 158 கிலோ, ஆள் 70 கிலோ. ஆள் ஓர் அடி பின்னால் போனால் மொத்த எடைமையம் சுமார் 9 செ.மீ. பின்னால் போகிறது. 30 பாகைச் சரிவில் பின் சக்கரத்தின் பங்கு 21-லிருந்து 27 சதவீதம் சொச்சம் ஆகிறது. சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் பின் சக்கரத்துக்குக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பிடிமானம்.

ஒரு எச்சரிக்கை. சிலர் கை நீண்டு விறைக்கும் அளவுக்குப் பின்னால் போய்விடுகிறார்கள். கை விறைத்தால் பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கும்போது ஹேண்டில் உங்களை இழுக்கும், பிரேக் விரல் தானாக இறுகும். முழங்கை மடங்கியிருக்கிற தூரம்தான் எல்லை. முழங்கால் டேங்க்கைப் பிடித்திருந்தால் உடல் எடை கைகளில் விழாது. எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. கையில் எடை இருக்கிறவரை விரல் நுணுக்கம் வராது.

அக்டோபர் 16

தேவகோட்டை நண்பர், பழகுவதற்குக் கண்மாய்க்கரைச் சரிவு போதுமே, ஊருக்கு ஊர் கண்மாய் இருக்கிறதே என்கிறார்.

தயவு செய்து வேண்டாம். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். கண்மாய்க்கரை மண்ணால் ஆனது. அதைப் பிடித்து வைத்திருப்பது புல்லும் அதன் வேரும். ஒரே இடத்தில் நாலு முறை டயர் ஏறி இறங்கினால் புல் போய்த் தடம் விழும். அடுத்த மழையில் அந்தத் தடம் வழியாகத் தண்ணீர் இறங்கி ஓடை போல அறுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிரம்பி நிற்கும்போது அறுத்த இடம் உடைந்தால், அந்த வருஷத் தண்ணீர் முழுக்கப் போய்விடும். நம் பக்கம் ஆறு பாய்கிற பூமி இல்லை. வடகிழக்குப் பருவமழையைக் கண்மாயிலும் ஊரணியிலும் தேக்கி வைத்துத்தான் விவசாயம், ஆடு மாடு, கிணற்று ஊற்று எல்லாம். நம் பொழுதுபோக்குக்காக அதில் கை வைக்கக் கூடாது. கரைமேல் வண்டிப் பாதை இருந்தால் அதில் போங்கள். சரிவில் இறங்க வேண்டாம். மிகுதித் தண்ணீர் வழிகிற கலுங்குப் பக்கமும் வேண்டாம், பாசி பிடித்த கல்லில் கொட்டை டயர் நிற்காது.

பிரான்மலை அடிவாரம், அழகர்மலைப் பக்கம் என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் வண்டியோடு நுழைவது குற்றம். அந்தப் பேச்சை இங்கேயே நிறுத்திக்கொள்வோம்.

அக்டோபர் 17

அப்படியானால் எங்கே? தெரிந்தவருடைய பட்டா நிலத்தில், வேலை முடிந்துபோன கிராவல் பள்ளம் இருந்தால் அவரைக் கேட்டுக்கொண்டு பழகலாம். லாரி ஏறி இறங்கிய சரிவு இருக்கும், அது போதும். சுவர் மாதிரி வெட்டிய பக்கத்துக்குப் போகாதீர்கள், செம்மண் விளிம்பு எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. தண்ணீர் நிற்கிற பள்ளத்தில் இறங்கவே கூடாது. எங்கே ஆழம் என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது. தனியாகப் போகாமல் ஓர் ஆளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

முதல் பாடம் சரிவில் இல்லை, சமதரைச் சரளையில். ஓடுகிற ஆள் வேகத்தில் நேராகப் போய், முன் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திச் சக்கரம் பூட்டுகிற நொடியைக் கண்டுபிடித்து, உடனே விடுங்கள். பூட்டுவதையும் விடுவதையும் விரல் யோசிக்காமல் செய்ய வேண்டும். இது வராமல் சரிவுக்குப் போகாதீர்கள்.

இரண்டாவது பாடத்துக்கு வீட்டு வாசலே போதும். நம் வீடுகள் உயரமான அடித்தளத்தில் நிற்பவை, வண்டி ஏற்ற முகப்பில் சிமெண்டுச் சாய்தளம் போட்டிருப்பார்கள். எஞ்சினை அணைத்து, முதல் கியரைப் போட்டு, கிளட்சைப் பிடித்தால் வண்டி உருளும், விட்டால் நிற்கும். கிளட்சே பின் பிரேக் ஆகிவிடுகிறது. தினமும் வண்டியை இறக்கும்போது இப்படி இறக்கிப் பாருங்கள். மலையில் நடு இறக்கத்தில் எஞ்சின் அணைந்து, கால் பின் பிரேக்குக்கு எட்டாமல் தரையில் ஊன்றி நிற்க நேர்ந்தால் இந்தப் பழக்கம்தான் கை கொடுக்கும். இடது கையில் கிளட்ச், வலது கையில் முன் பிரேக், இரண்டு காலும் தரையில். அரை அடி, அரை அடியாக இறக்கிவிடலாம்.

அக்டோபர் 19

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். எக்ஸ்பல்ஸில் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும்தான், பின் சக்கரத்தை விருப்பம்போல் பூட்டலாம். 2023-ல் வந்த 4வி-யில் ரோடு, ஆஃப்ரோடு, ரேலி என்று மூன்று நிலைகள் உண்டு. ஆஃப்ரோடில் ஏபிஎஸ் குறைவாகத் தலையிடும், ரேலியில் முழுக்க அணைந்துவிடும். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-ல் 2020 முதல் பின் சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்க சுவிட்ச் கொடுத்தார்கள்.

சறுக்கல் இறக்கத்தில் ஏபிஎஸ் என்ன செய்யும்? டயர் பூட்டப் போகிறது என்று பிரேக்கை விடும், மறுபடி பிடிக்கும், மறுபடி விடும். சரளையிலும் களிமண்ணிலும் விடுகிற நேரம் அதிகமாகிவிடும். லிவரை அழுத்திக்கொண்டே இருப்பீர்கள், வண்டி நிற்காமல் இறங்கும். முன் பிரேக் விரல் பழகிய பிறகு ஆஃப்ரோடு நிலை எனக்குச் சரியாகப் படுகிறது. ரேலிக்கு அவசரப்பட வேண்டாம் தம்பி. தார்ச்சாலைக்குத் திரும்பியதும் ரோடு நிலைக்கு மாற்றிவிடுங்கள்.

அக்டோபர் 20

கோட்டையூரிலிருந்து ஒருவர்: "ஆர்எக்ஸ் 100-ல் ஏன் எஞ்சின் பிடிக்கவே மாட்டேன் என்கிறது?" இழை விலகினாலும் பதில் சொல்லத் தகுந்தது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆக்ஸிலேட்டரை மூடினால், ஒவ்வொரு முறையும் பிஸ்டன் மூடிய வாய் வழியாகக் காற்றை இழுக்கப் போராடுகிறது. அந்தப் போராட்டம்தான் நாம் உணர்கிற தடை. ஆர்எக்ஸ் போன்ற டூ ஸ்ட்ரோக்கில் அது மிகவும் குறைவு. இன்னொன்று, டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் போவது ஆக்ஸிலேட்டர் திறப்போடு சேர்ந்தது. நீண்ட மலை இறக்கத்தில் மூடியே வைத்திருந்தால் எஞ்சின் வேகமாகச் சுற்றும், ஆயிலோ சொற்பம். அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு கொடுத்துவிட வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஆர்எக்ஸில் இறங்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

டிவிஎஸ் எக்ஸ்எல் 100-ம் இப்படித்தான், காரணம் வேறு. ஃபோர் ஸ்ட்ரோக்தான், ஆனால் ஆட்டோ கிளட்ச். எஞ்சின் சுற்று குறைந்தால் கிளட்ச் தானாக விட்டுவிடும். மெதுவாக இறங்கும்போது எஞ்சின் உதவி கிடைக்காது, இரண்டு டிரம் பிரேக்குகளும்தான் கதி. மூட்டை ஏற்றிய எக்ஸ்எல்லைச் சரிவில் இறக்குகிறவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் செய்வது சரி.

அக்டோபர் 23

காற்றழுத்தம். மண்ணில் காற்றைக் குறைத்தால் டயர் பரவி உட்காரும், பிடிமானம் கூடும். எக்ஸ்பல்ஸ் ட்யூப் டயர் என்பதால் 18–20 பி.எஸ்.ஐ.-க்குக் கீழே நான் போக மாட்டேன். கல்லில் மோதினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கிக் கிழியும். அப்புறம் நம் ஊர் எதிரி: சீமைக்கருவேல் முள். பள்ளத்தில் பழகப் போகும்போது பஞ்சர் சாமான்களும் கைப் பம்பும் இல்லாமல் போகாதீர்கள்.

அக்டோபர் 26, இரவு

மழை பிடித்துவிட்டது. இன்று மதியம் கிராவல் சரிவில் இறங்கிப் பார்த்ததில், 13-ஆம் தேதி எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. "மெல்ல மெல்ல அழுத்தம் கூட்ட வேண்டும்" என்று எழுதியிருந்தேன். அதைச் சரிவு முழுக்க ஒரே அழுத்தம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பாதையில் பிடிக்கிற இடமும் பிடிக்காத இடமும் மாறி மாறி வரும். இறுகிய சரளை வந்தால் அங்கே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வழவழவென்ற களிப்பட்டையோ வேரோ பாசிக்கல்லோ வந்தால், அதன்மேல் பிரேக்கை விட்டுவிட்டு உருள வேண்டும். தாண்டியதும் மறுபடி பிடிக்கலாம். காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் இலையும் காப்பி இலையும் நனைந்து மெத்தையாகக் கிடக்கும், அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. இலைக்குவியலைப் பிரேக் பிடிக்கும் இடமாக நம்பாதீர்கள். வேரைக் குறுக்காகத்தான் தாண்ட வேண்டும். சாய்வாக ஏறினால் முன் சக்கரம் வேரோடு சறுக்கிப் போய்விடும்.

ஜீப் தடம் ஆழமாக இருந்தால் அதற்குள்ளேயே இருங்கள். பாதியில் ஏறி வெளியே வர முயல்வதில்தான் பலர் விழுகிறார்கள்.

அக்டோபர் 29

"நின்றுகொண்டு ஓட்டணுமா, உட்கார்ந்தா?" நின்றால் வண்டி கீழே தனியாக ஆடும், நீங்கள் நிலையாக இருப்பீர்கள், பாதையும் தெரியும். கல்லும் பள்ளமுமான இறக்கத்தில் நிற்பதே நல்லது. நடை வேகத்தில், ஈரக் களியில் மட்டும், சீட்டின் பின்பக்கம் உட்கார்ந்து இரண்டு காலையும் தரையை ஒட்டி வைத்துக்கொண்டு இறங்குவதில் தவறில்லை. பயிற்சிக்காரர்கள் சிலருக்கு இது பிடிக்காது. மழையில் மலைத்தோட்டத்துக்குச் சுமையோடு வண்டி ஓட்டுகிறவர்கள் அப்படித்தான் இறங்குகிறார்கள், அவர்கள் அனுபவத்தை நான் மதிக்கிறேன். வேகம் கூடினால் மட்டும் காலை உடனே ஃபுட்ரெஸ்டுக்கு எடுத்துவிடுங்கள். வேகத்தில் தரையில் ஊன்றிய கால் முழங்காலைத் திருகிவிடும்.

நவம்பர் 2

தம்பி நாளைக் கிளம்புகிறார். இரண்டு விஷயங்கள் மட்டும்.

முதலில் பாதையை நடந்து பாருங்கள். உங்கள் பூட்ஸே சறுக்கி, மரத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிகிறது என்றால் அங்கே எந்தப் பிரேக்கும் வண்டியைப் பிடிக்காது. 20 பாகைக்கு 0.36 என்று கணக்குப் போட்டோமே, நனைந்த களியில் அது கிடைக்காது. அந்த இடத்தை ஓட்டித்தான் கடக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 15 மீட்டர் கயிறு எடுத்துப் போங்கள். வண்டியின் பின்பக்கச் சட்டத்தில் கட்டி, மேலே நல்ல பருமனான மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஓர் ஆள் கயிற்றைத் தளர்த்த, இன்னோர் ஆள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு இறக்கலாம். மரத்தில் உரசுகிற கயிறே பெரும்பாதி எடையைத் தாங்கிவிடும்.

இரண்டாவது, வண்டி கைவிட்டுப் போனால் போகட்டும். எப்போதும் வண்டிக்கு மேட்டுப் பக்கமாக நில்லுங்கள். 158 கிலோவுக்குக் கீழே நின்று தாங்கப் பார்க்காதீர்கள். லிவரும் இண்டிகேட்டரும் கடையில் கிடைக்கும்.

நவம்பர் 7, பள்ளத்தூர் தம்பியின் பதிலுக்கு

நல்லபடியாகப் போய் வந்ததில் பெரிய நிம்மதி. முன் பிரேக்கில் ஒரு விரலை வைத்தபடியே முக்கால்வாசிப் பாதையை இறங்கியதாகவும், ஊற்று கசியும் வளைவில் மட்டும் கயிறு கட்டி இறக்கியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கூட வந்த நண்பர் அதைக் கோழைத்தனம் என்றாராம். அவர் சொல்வதைக் காதில் வாங்க வேண்டாம். எங்கே ஓட்டக் கூடாது என்று கண்டுபிடிக்கிற ஆளோடுதான் நான் மலைக்குப் போவேன்.

வளைவில் வண்டி வெளிப்பக்கமாகத் தள்ளியது என்கிறீர்கள். பிரேக் பிடித்தபடியே திருப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். டயருக்கு இருக்கிற பிடிமானம் ஒரே அளவுதான். அதைப் பிரேக் எடுத்துக்கொண்டால் திருப்புவதற்கு மிச்சம் இருக்காது. வளைவுக்கு முன்னால் நேர்ப்பாதையில் வேகத்தைக் குறைத்து, திருப்பும்போது முன் பிரேக்கை விட்டு, எஞ்சினும் லேசான பின் பிரேக்கும் போதும் என்று இறங்கி, நேரானதும் மறுபடி பிடித்துப் பாருங்கள்.

நவம்பர் 8

மறந்தது: திரும்பி வந்ததும் இரண்டு காலிப்பர்களையும் (பிரேக் பேடை டிஸ்கில் அழுத்தும் பாகம்) கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மலைக்களி பேடுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் காய்ந்து இறுகினால் பிரேக் விட்ட பிறகும் பேட் டிஸ்கை உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும். பிரஷர் வாட்டரை வீல் பேரிங்கிலும் செயினிலும் நேராக அடிக்க விடாதீர்கள். செயினைத் துடைத்து ஆயில் போட்டு, தொய்வையும் பாருங்கள். தொய்வு அதிகமாக இருந்தால் இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மூடும்போதெல்லாம் பின் சக்கரம் வெட்டி இழுக்கும், ஈர மண்ணில் அந்த ஒரு வெட்டே சறுக்கப் போதும்.

நவம்பர் 8, இரவு

மெக்கானிக் அண்ணன் தன் புல்லட்டோடு ஞாயிற்றுக்கிழமை பள்ளத்துக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறார். வாங்க அண்ணே. இரண்டு வண்டியையும் ஒரே சரிவில், எஞ்சின் மட்டும், பின் பிரேக் மட்டும், இரண்டு பிரேக்கும் என்று மாற்றி மாற்றி இறக்கி, நின்ற தூரத்தை டேப் வைத்து அளந்து இங்கே போடுவோம். மழை இல்லாவிட்டால் காலை 7 மணி.